லாமுவில் சில மணி நேரம், சான்சிபாரில் ஒரு வாரம்

ட்ரான்சிட் என்றாலே நமக்குத் தெரிந்த காட்சி ஒன்றுதான். விமான நிலையத்து நாற்காலியில் எட்டு மணி நேரம் அரைத்தூக்கம், கூடவே யானை விலையில் ஒரு காபி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய ஊரே இருக்கும். ஆனாலும் யாரும் எழுந்து போக மாட்டார்கள். (நம்ம ஊரிலும் இதே கதைதான். திண்டிவனத்தில் மரக்காணம் பஸ்சுக்குக் காத்துக் கிடப்பவர்களில் எத்தனை பேர், வழியில் இருக்கும் பெருமுக்கல் மலையில் ஒரு தடவையாவது ஏறிப் பார்த்திருப்பார்கள்?)

1893ல் ஒரு 23 வயது இளைஞர் ஆப்பிரிக்காவில் இப்படி இடையில் இறங்கி ஊர் சுற்றினார். அந்தச் சுற்றலில் கப்பலையே தவறவிட இருந்தார். பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. இதை அவரே சத்திய சோதனையில் விவரமாக எழுதியிருக்கிறார். நாம் எல்லோரும் பாடப்புத்தகத்தில் படித்தது அடுத்த கட்டத்தை, அதாவது ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட கதையை. அதற்குச் சில வாரம் முன்னால் நடந்த இதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

தாதா அப்துல்லா கம்பெனியின் வழக்கு வேலைக்காக அவர் தென்னாப்பிரிக்கா கிளம்பினார். ஒரு வருட வேலை, 105 பவுண்டு சம்பளம், போக வர முதல் வகுப்புக் கட்டணம். 1893 ஏப்ரலில் பம்பாயில் கப்பல் ஏறப் போனால் முதல் வகுப்பில் இடம் இல்லை. மொசாம்பிக் கவர்னர் ஜெனரல் அதே கப்பலில் போகிறாராம். காந்தி நேராகக் கப்பலின் தலைமை அதிகாரியிடம் போய்க் கேட்டு, அவருடைய அறையிலேயே ஓர் இடம் வாங்கிவிட்டார். கேப்டனுக்குச் செஸ் பைத்தியம், ஆனால் ஆட்டத்தில் கற்றுக்குட்டி. தன்னைவிடத் தெரியாத ஒருவர் அவருக்குத் தேவைப்பட்டார், காந்தி கிடைத்தார். எல்லா ஆட்டத்திலும் காந்திக்குத் தோல்விதான். அந்தத் தோல்விகளின் லாபம் லாமுவில் கிடைத்தது.

லாமு இன்றைய கென்யாவைச் சேர்ந்த தீவுத் துறைமுகம். பம்பாயை விட்டு சுமார் 13 நாள் கழித்துக் கப்பல் அங்கே நின்றது. நிற்பது 3, 4 மணி நேரம்தான். "இந்தத் துறைமுகத்தை நம்பாதே, சீக்கிரம் திரும்பிவிடு" என்கிற மாதிரி கேப்டன் எச்சரித்து அனுப்பினார். காந்தி முதலில் போன இடம் தபால் ஆபீஸ். அங்கே இந்திய குமாஸ்தாக்கள்! சந்தோஷத்தில் அவர்களோடு பேச உட்கார்ந்துவிட்டார். பிறகு ஊர் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று வேடிக்கை பார்த்தார். நேரம் ஓடிவிட்டது.

அதே நேரத்தில் டெக் பயணிகளும் கரைக்கு வந்திருந்தார்கள். எதற்கு? நிம்மதியாகச் சமைத்துச் சாப்பிட. கப்பலில் கிடைக்காத ஒரு வேளைச் சாப்பாடு, அவ்வளவுதான் அவர்கள் ஆசை. எல்லோரும் ஒரே படகில் திரும்பினார்கள். படகில் அளவுக்கு மீறிய பாரம், கடலில் ஏற்றம். கப்பலின் ஏணியில் படகைக் கட்டவே முடியவில்லை. தொடும், உடனே நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும். புறப்படுவதற்கான சங்கும் ஊதியாயிற்று.

மேலேயிருந்து கேப்டன் பார்த்துவிட்டார். கப்பலை இன்னும் 5 நிமிடம் நிறுத்தச் சொன்னார். ஒரு நண்பர் 10 ரூபாய்க்கு வேறு படகு பிடித்துக் கொடுக்க, காந்தி அதில் மாறினார். அதற்குள் ஏணியைத் தூக்கிவிட்டார்கள். கயிற்றில் கட்டித்தான் அவரை மேலே இழுத்தார்கள். கப்பல் கிளம்பிவிட்டது. மற்ற பயணிகள் கரையோடு சரி.

காமர்ஸ் படிப்பவர்கள் அந்த 10 ரூபாயைக் கவனிக்க வேண்டும். அது கணக்குக்காக மாற்றிச் சொன்ன தொகை இல்லை. அன்றைக்குக் கிழக்கு ஆப்பிரிக்கக் கரை முழுக்க இந்திய ரூபாய் புழங்கியது. இன்றைய கென்யப் பகுதியில் 1920 வரை ரூபாய்தான். தபால் ஆபீசில் இந்தியர், சந்தையில் இந்திய வியாபாரி, கையில் இந்தியக் காசு. அந்தக் கரையில் இந்தியன் என்பவன் ஒரு மதிப்புள்ள ஆள் என்றுதான் இறங்கிப் பார்க்கிறவருக்குத் தோன்றும்.

அடுத்து மொம்பாசா, பிறகு சான்சிபார். சான்சிபாரில் கப்பல் மாற வேண்டும், அதனால் நீண்ட நிறுத்தம். அங்கே முதல் அனுபவம் மோசமானது. கேப்டன் "வெளியே போய் வரலாம்" என்று அழைத்துக்கொண்டு போன இடம் விலைமாதர் வீடு. காந்தி ஓர் அறைக்குள் வெட்கத்தில் ஊமையாக நின்றுவிட்டு, போனபடியே வெளியே வந்தார். அழைத்த உடனே மறுக்கும் தைரியம் தனக்கு இல்லாமல் போயிற்றே என்று பின்னாளில் எழுதினார். அதன் பிறகு ஊருக்குள்ளேயே அறை எடுத்துத் தங்கி, ஒரு வாரம் சுற்றினார். மரங்களின் உயரமும் பழங்களின் பருமனும் அவரை அசத்தின. மலபாரைத்தான் இதற்கு ஒப்பிடலாம் என்கிறார். சான்சிபாரில் அடிமைச் சந்தை மூடப்பட்டு அப்போது 20 வருடம் ஆகியிருந்தது (1873). ஆனால் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1897ல். அவர் நடந்த தெருக்களில் அடிமைகளும் நடந்திருப்பார்கள்.

மே மாதக் கடைசியில் நேட்டால். ஜூன் 7ல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷன். லாமுவில் கப்பலையே நிறுத்தி ஏற்றப்பட்டவர், இங்கே முதல் வகுப்பு டிக்கெட் கையில் இருந்தும் இறக்கிவிடப்பட்டார். இடையில் மாறியது அவர் இல்லை, ஊர்.

ஆனால் லாமுக் கரையில் நின்றுபோன டெக் பயணிகளை நினைத்தால் கதை இன்னொரு விதமாகத் தெரிகிறது. கயிறு ஒருவருக்கு மட்டும்தான் வந்தது. நம் ஆட்கள் இந்தக் கரைக்கு வந்தது அதற்கும் முன்னால். 1860 நவம்பர் 16ல் ட்ரூரோ என்ற கப்பல், சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் வந்து சேர்ந்தது. நடுவில் இறங்கி அறை எடுத்து மரம் பார்க்கிற பயணம் இல்லை அது. அந்த வழியில் போன தமிழர்களில் ஒருவர்தான் பாலசுந்தரம். முதலாளி அடித்துப் பல் உடைந்து, வாயில் ரத்தத்தோடு, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி 1894ல் காந்தியின் அலுவலகத்துக்கு வந்து நின்றார். காந்தி அவரை வேறு முதலாளியிடம் மாற்றிவிட ஏற்பாடு செய்தார்.

பிறகு விமானம் வந்தது. 1948 ஜூன் 8ல் பம்பாயிலிருந்து லண்டன் கிளம்பிய ஏர் இந்தியாவின் முதல் சர்வதேச விமானம் 'மலபார் பிரின்சஸ்' முதலில் இறங்கியதும் ஓர் ஆப்பிரிக்க ஊரில்தான், கெய்ரோவில்.

இன்று நமக்கு அடிஸ் அபாபா. 2022ல் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் சென்னைக்கும் சேவை தொடங்கியது. போலே விமான நிலையம் ஊரை ஒட்டியே இருக்கிறது. 32 லட்சம் வருடப் பழமையான 'லூசி' எலும்புக்கூடு, 1974ல் கண்டெடுத்தது, அங்கே தேசிய அருங்காட்சியகத்தின் சொத்து. அரை நாள் கிடைத்தால் தாராளமாகப் பார்க்கலாம். விசா ஒரு பக்கம் இருக்கட்டும், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறக்கக் கூடாது. விமான நிலையத்துக்குள்ளேயே இருந்துவிட்டால் பிரச்சினை இல்லை. வெளியே கால் வைத்துவிட்டு அந்தச் சான்றிதழ் இல்லாமல் ஆறு நாளுக்குள் இந்தியா திரும்பினால், இங்கே தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னால் போட்டிருக்க வேண்டும்.