பெயர்க் கிறிஸ்தவர்

தமிழ்ச் சபைகளின் நற்செய்திக் கூட்டங்களில் காதில் விழும் சொல் ‘பெயர்க் கிறிஸ்தவர்’. ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவார், காணிக்கை போடுவார், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார்; உள்ளே மட்டும் எதுவும் திரும்பியிருக்காது. அவரைக் கடிந்துகொள்ளத்தான் இந்தச் சொல். பெயர் என்பது மேலோடு, கனமில்லாதது என்ற எண்ணம் இதற்குள் இருக்கிறது. ஆனால் ஒரு காலத்தில் இந்தப் பெயரைப்போல் கனமானது வேறெதுவும் இல்லை.

அது பிறந்த ஊர் அந்தியோகியா. இன்றைய துருக்கியின் அந்தாக்கியா. அப்போஸ்தலர் நடபடிகள் 11-ஆம் அதிகாரம் அதைச் சொல்கிறது. சொல்லின் தலை கிரேக்கம், வால் லத்தீன். ‘கிறிஸ்தோஸ்’ என்றால் எண்ணெய் பூசப்பட்டவர். எபிரேய மேசியாவுக்கு ஈடான கிரேக்கச் சொல். அதோடு ஒட்டிய ‘இயானுஸ்’ என்ற லத்தீன் விகுதி, ஒரு தலைவனைச் சேர்ந்த ஆள், அவன் கட்சிக்காரன் என்பதைக் குறிக்கும். சீசரின் ஆட்கள் கைசரியானி. ஏரோதின் பக்கம் நின்றவர்களைச் சுவிசேஷங்கள் ஏரோதியர் என்று சொல்வதும் அதே விகுதியால்தான். ஆக, கிறிஸ்தவர் என்றால் முதலில் ‘கிறிஸ்துவின் ஆட்கள்’. ஊரார் வைத்த பெயர். சீடர்கள் தங்களைச் சகோதரர், பரிசுத்தவான்கள் என்றும், தங்கள் வழியை மார்க்கம் என்றும் சொல்லிக்கொண்டார்கள். பவுல் தம் கடிதங்களில் ஓரிடத்தில்கூட இந்தப் பெயரை எழுதவில்லை. புதிய ஏற்பாட்டில் அது வருவதே மூன்று முறைதான்: அந்தியோகியாவில் ஒருமுறை, அகிரிப்பா ராஜாவின் வாயில் ஒருமுறை, அந்தப் பெயருக்காகப் பாடுபடுகிறவர்களைப் பற்றிப் பேதுருவின் முதல் நிருபத்தில் ஒருமுறை.

அந்தப் பாடு என்னவென்று ரோம அதிகாரி ஒருவரின் கடிதத்தில் தெரிகிறது. கி.பி. 112-ஐ ஒட்டி, பித்தினியா-பொந்து மாகாண ஆளுநர் பிளினி, பேரரசர் திராயானுக்கு எழுதினார். ‘நீ கிறிஸ்தவனா’ என்று மூன்று முறை கேட்பாராம். மூன்று முறையும் ஆமென்றவர்களுக்கு மரணம். மறுத்தவர்கள் பேரரசரின் சிலைக்கு முன் தூபமும் திராட்சரசமும் படைத்து, கிறிஸ்துவைப் பழித்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம். உண்மையான கிறிஸ்தவர்களை இப்படிச் செய்யவைக்க முடியாது என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். அவருக்கு ஒரு சந்தேகமும் இருந்தது: தண்டிக்கவேண்டியது பெயரையா, பெயரோடு ஒட்டிய குற்றங்களையா? அன்று பெயரை ஒப்புக்கொள்வதும் மனந்திரும்புதலும் வேறுவேறாக இல்லை. ஆமென்று சொல்லத் துணிந்தவனிடம் வேறு அத்தாட்சி யாரும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

அப்படிப்பட்ட நாளிலேயே பெயர் மட்டும் போதுமா என்று ஒருவர் கவலைப்பட்டிருக்கிறார் என்பது என்னை வியக்கவைக்கிறது. பெயர் பிறந்த அதே அந்தியோகியாவின் ஆயர் இக்னாசியார், இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரண தண்டனைக்காக ரோமுக்குக் கொண்டுபோகப்பட்டார். வழியில் மக்னேசியா சபைக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர் என்று அழைக்கப்பட்டால் போதாது, அப்படி இருக்கவும் வேண்டும் என்கிறார். அவருக்கு அது வெறும் உபதேசம் அல்ல. சாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தவர்.

கி.பி. 313-இல் கான்ஸ்டன்டைனும் லிசினியஸும் இந்த மதத்தை அனுமதித்தார்கள். 380-இல் தியோடோசியஸ் அதைப் பேரரசின் மதமாக்கினார். உயிரைக் கேட்ட பெயர் ஆதாயம் தரும் பெயராயிற்று. இந்த இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 350-இல், எருசலேமில் சிரில் ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்தவர்களிடம் பேசிய உரை நமக்குக் கிடைத்திருக்கிறது. தண்ணீரில் இறங்கியும் உள்ளம் ஒளிபெறாத மந்திரவாதி சீமோனை அவர் முதலிலேயே நினைவூட்டிவிடுகிறார். பிறகு பெண்ணொருத்தியின் மனதைப் பெற வந்திருப்பவன், எஜமானைத் திருப்திப்படுத்த வந்த அடிமை, நண்பனுக்காக வந்த நண்பன் என்று சொல்லிக்கொண்டே போகிறார். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பலருக்கு வியர்த்திருக்கும். ஆனால் அவர் யாரையும் வெளியே அனுப்பவில்லை. அந்தத் தூண்டில் இரையை நான் ஏற்றுக்கொள்கிறேன், நீ எதற்காக வந்தாலும் இப்போது வலைக்குள் இருக்கிறாய், இனி நல்ல நோக்கத்தோடு இரு என்கிறார். தவறான காரணத்துக்காகப் பெயரை வாங்கியவனுக்கும் வாசல் திறந்திருக்கிறது என்ற இந்தப் பேச்சை நான் மிகவும் மதிக்கிறேன்.

பெயர் எல்லாருக்கும் உரியதானபின் அதன் பொருள் கரைந்தது. ருஷ்ய மொழியில் குடியானவனுக்குச் சொல் ‘கிரெஸ்தியானின்’. மூலத்தில் அது ‘கிறிஸ்தவன்’. எல்லாரும் அதுவானால் சொல் வெறும் ‘ஆள்’ என்றாகிவிடுகிறது. இத்தகைய தேசத்தில்தான் திரும்புதலை இன்னொருமுறை கேட்கவேண்டி வருகிறது. 1741 ஜூலை 25 அன்று ஆக்ஸ்போர்டின் புனித மரியாள் கோயிலில் ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லி, அகிரிப்பாவின் அதே வசனத்தை எடுத்து, ‘ஏறக்குறையக் கிறிஸ்தவன்’ என்ற தலைப்பில் பிரசங்கித்தார். ஜெபம், ஒழுக்கம், உபவாசம் எல்லாம் இருந்தும் ஏறக்குறையவே நின்றுவிடுகிறவன். தாமும் பல ஆண்டுகள் அப்படி இருந்ததாக அங்கேயே ஒப்புக்கொண்டார்.

நம் கரைக்கு வந்தால், இதே கேள்வி தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறையில் நிற்கிறது. 1530-களில், முத்துக்குளிப்பு உரிமைக்கான பூசலில் நெருக்கப்பட்ட பரவர்கள் போர்த்துக்கீசரின் பாதுகாப்பை நாடி, பெருந்திரளாக ஞானஸ்நானம் பெற்றார்கள். போதிக்க ஆள் இல்லை. 1542-இல் வந்த பிரான்சிஸ் சவேரியார், அந்த ஆண்டு அக்டோபரில் எழுதிய கடிதத்தில் சொல்வது இதுதான்: தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர இவர்களுக்கு வேறொன்றும் தெரியவில்லை. பெயர் மட்டும் தனியாக, இவ்வளவு வெளிப்படையாக நின்ற இடம் அரிது.

சவேரியார் தமிழறிந்தவர்களை உட்காரவைத்து மன்றாட்டுகளைத் தமிழாக்கினார்; மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். 1544-இல் மன்சிலாஸ் என்ற தோழருக்கு எழுதியபோது ஒரு திருத்தம் சொல்கிறார்: விசுவாசப் பிரமாணத்தில் ‘எனக்கு வேணும்’ என்று சொல்வதை விட்டு, ‘வேணும்’ வரும் இடத்தில் ‘விசுவாசம்’ என்ற சொல்லைப் போடவேண்டும், முன்னது விரும்புகிறேன் என்றாகும், பின்னதே நம்புகிறேன் என்றாகும். மக்கள் அதுவரை மனப்பாடமாய்ச் சொல்லிவந்தது ‘வேணும்’ என்றுதான். பிழைதான், ஆனால் பாதுகாப்பு வேண்டியும், இன்னதென்று தெரியாத ஏதோ ஒன்று வேண்டியும் கரையேறியவர்களின் நிலையை அந்தச் சொல் பொய்யில்லாமல் சொல்லிவிட்டது.

அவருக்குப் பின் அந்தக் கரையில் போதித்த அன்றீக்கு அடிகளார் தமிழைக் கற்று எழுதினார். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’, மறு ஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ அச்சாயின. அந்தியோகியாவில் ஒட்டிய லத்தீன் வால் அந்தத் தலைப்பில் இன்னும் கேட்கிறது. சைவர், வைணவர் என்ற சொற்களோடு இயைந்து ஒலிக்கும் ‘கிறிஸ்தவர்’ என்ற வடிவமே இன்று நிலைத்திருக்கிறது. நெல்லைச் சீமைக் கிராமங்களில் ‘வேதக்காரர்’ என்ற பெயரும் வழங்கியது.

1658-இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது. கத்தோலிக்கக் குருக்கள் விரட்டப்பட்டார்கள்; சீர்திருத்தச் சபைக்கு வரும்படி டச்சுக்காரர்கள் பரவர்களை அழுத்தினார்கள். கடலின் காவல் இப்போது அந்தப் பக்கம். முன்னோர் மதம் மாறிய அதே காரணம், மறுபடி மாறு என்றது. அவர்கள் மாறவில்லை. சாதிக் கட்டுக்கோப்புக்கு இதில் பங்குண்டு, அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனாலும் ஆதாயத்துக்காக எடுத்த பெயர் என்றால், ஆதாயம் போன அன்றே கைவிட்டிருக்கலாம். தூத்துக்குடி பனிமய மாதா கோயிலின் இப்போதைய கட்டடம் 1713-இல் எழுந்தது. ஊர் அப்போதும் டச்சுக்காரர் ஆட்சியில்தான் இருந்தது.