கரைவலைக் கயிறும் பயிற்சிக் கருவிகளும்

சில செக்கன்கள் முழு வலுவையும் செலுத்தி உழைப்பது, சற்று ஓய்வது, மறுபடியும் உழைப்பது. அதிதீவிர இடைவெளிப் பயிற்சி என்று இன்று உலகெங்கும் பேசப்படுவது இதுதான். ‘ஹிட்’ என்ற சுருக்கப் பெயரும் அதற்கு உண்டு. அதற்கு எந்தக் கருவியை வாங்குவது என்ற கேள்வி கொழும்பிலும் கேட்கிறது, ரொறன்ரோவிலும் கேட்கிறது. விளம்பரங்களைப் புரட்டுவதற்கு முன் இக்கருவிகள் வந்த வழியைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது பயன் தரும். அதனைப் புத்தளம் மாவட்டத்துக் கடற்கரையிலிருந்து பார்ப்பதற்கும் காரணம் இருக்கிறது.

உடப்பின் கயிறு

சிலாபத்துக்கு வடக்கே, முந்தல் களப்பை அண்மித்துக் கிடக்கும் தமிழ் மீனவக் கிராமம் உடப்பு. திரௌபதை அம்மன் கோவிலின் தீமிதிப்பால் பெயர் பெற்ற ஊர். முன்னோர் இராமநாதபுரக் கரையிலிருந்து வந்தவர்கள் என்பது ஊர் வழக்கு. கரைவலைத் தொழில் இவ்வூரின் முதுகெலும்பாக இருந்தது. தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து கடல் அடங்கும் ஒக்டோபர் தொடக்கம் ஏப்ரல் வரையான காலமே மேற்குக் கரையில் அதற்குரிய பருவம்.

தோணியில் சென்று வலையை வளைத்துவிட்ட பின், இரு முனைக் கயிறுகளையும் இரு குழுவினர் கரையில் நின்று இழுப்பர். முதலில் இழுப்பு நிதானமாக இருக்கும். வலையின் மடி கரையை நெருங்க நெருங்க, மீன் தப்பிவிடாதபடி வேகம் கூடும். அந்த வேகத்தை ஒழுங்குபடுத்தியது அம்பாப் பாடல். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, ஏனையோர் ஏற்றுப் பாடி ஒரே மூச்சில் இழுப்பர்; மூச்சு வாங்குவர்; மீண்டும் இழுப்பர். மணிக்கணக்கில் நீளும் இத்தொழிலை நவீன இடைவெளிப் பயிற்சியோடு ஒன்றென்று சொல்வது மிகையாகும். ஆனால் உழைப்பையும் ஓய்வையும் மாற்றி மாற்றி வைத்தால் மனித உடல் கூடுதலான வேலையைச் செய்யும் என்பதை அக்கரையினர் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

ஆய்வுக்கூடம் கண்டது

இதே உண்மையை ஐரோப்பா ஓட்டத் தடங்களில் கண்டது. ஜெர்மனியப் பயிற்றுநர் வோல்டெமார் கெர்ஷ்லர் 1930களில் இடைவெளி ஓட்ட முறையை வகுத்தார். அவரிடம் பயின்ற ருடோல்ஃப் ஹார்பிக் 1939இல் 800 மீற்றரை 1 நிமிடம் 46.6 செக்கன்களில் ஓடினார். அச்சாதனை 1955 வரை நின்றது. செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாட்டோபெக் 400 மீற்றரைத் திரும்பத் திரும்ப ஓடிப் பயின்றவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் மூன்றிலும் அவருக்கே தங்கம். இராணுவச் சப்பாத்துகளுடன்கூட அவர் பயிற்சி செய்ததுண்டு. அவருக்கிருந்த ‘கருவி’ அதுதான்.

1996இல் யப்பானிய ஆய்வாளர் இசுமி தபாட்டா, பனிச்சறுக்கு ஓட்ட வீரர்களின் பயிற்றுநர் இரிசாவா கையாண்ட முறையை, நிலையாகப் பொருத்திய துவிச்சக்கர வண்டியில் சோதித்தார். 20 செக்கன் கடும் மிதிப்பு, 10 செக்கன் ஓய்வு. ஏழு அல்லது எட்டுச் சுற்று. ஆறு வாரங்களின் முடிவில், ஒட்சிசனைப் பயன்படுத்தும் உச்ச ஆற்றலும், ஒட்சிசன் போதாதபோது உழைக்கும் ஆற்றலும் ஒருங்கே உயர்ந்திருந்தன. ஒரு மணி நேரம் மிதமாக மிதித்த குழுவினருக்கு முன்னது மட்டுமே உயர்ந்தது. ஆனால் சோதனைக்கு உட்பட்டோர் உடற்பயிற்சியில் பழகிய இளைஞர்கள் என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

சிறையில் பிறந்த இயந்திரம்

இன்று வீடுகளில் அதிகம் காணப்படும் ட்ரெட்மில்லின் மூதாதை ஒரு தண்டனைக் கருவி. 1818இல் ஆங்கிலேயப் பொறியியலாளர் வில்லியம் கியூபிட், கைதிகள் இடைவிடாது படியேறும் மிதிசக்கரத்தை அமைத்தார். பிரித்தானியச் சிறைகளில் அது 1898ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிவுக்கு வந்தது. 1952இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரில், இருதயப் பரிசோதனைக்கான மருத்துவக் கருவியாக ட்ரெட்மில் மறுபிறவி எடுத்தது. 1960களின் இறுதியில் வீட்டுக்குள் நுழைந்தது.

நமது கர்லாக்கட்டையோ எதிர்த்திசையில் பயணித்தது. இந்தியாவில் அதனைக் கண்ட ஆங்கிலேய அதிகாரிகள் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். 1904, 1932 ஒலிம்பிக் போட்டிகளில் கட்டை சுழற்றல் இடம்பெற்றது. கனத்த கயிற்றை இரு கைகளாலும் அலையாக வீசும் பயிற்சி இந்த நூற்றாண்டில்தான் ஜிம்களில் பரவியது. கரைவலைக்காரனுக்குக் கயிறு பிழைப்பு. நகரத்தவனுக்கு அதுவே காசு கொடுத்துப் பெறும் பயிற்சி.

எதைத் தேர்வது?

இவ்வரலாறு தரும் முதற் பாடம், மனிதன் கருவியை இயக்க வேண்டும், கருவி மனிதனை இயக்கக்கூடாது என்பது. மின்விசையால் ஓடும் ட்ரெட்மில் வேகமெடுக்கவும் தணியவும் நேரம் எடுக்கும். 20 செக்கன் சுற்றில் பாதி அதிலேயே கழியும். களைத்த காலுக்கு ஆபத்தும் உண்டு. நடைக்கும் மெல்லோட்டத்துக்கும் அது நல்லது. காற்றாடித் தடையுள்ள மிதிவண்டியும் துடுப்புப் பொறியும் நாம் கொடுக்கும் வலுவுக்கேற்ப எதிர்ப்பைத் தரும். கையை விட்டால் அடங்கும். இடைவெளிப் பயிற்சிக்கு இவையே பொருந்தும்.

இரண்டாவது பாடம் இடத்தைப் பற்றியது. கற்பிட்டி முதல் சிலாபம் வரை வீசும் உப்புக் காற்றில் சங்கிலியும் போல்பெயரிங்கும் விரைவில் துருவேறும். அங்கே தடித்த கயிறு, மணல் நிரப்பிய சாக்கு, துள்ளு கயிறு, கர்லாக்கட்டை ஆகியவை விலையுயர்ந்த பொறிகளைவிட நீடிக்கும்.

மூன்றாவது, உடலைப் பற்றியது. நாற்பதைக் கடந்தோரும், இருதய நோய், உயர் குருதியமுக்கம், நீரிழிவு உள்ளோரும் வைத்தியரைக் கேட்காமல் இப்பயிற்சியில் இறங்கலாகாது. இன்சுலின் எடுப்போருக்குக் கடும் உழைப்பால் குருதியில் சீனி சடுதியாகக் குறையலாம். பாதத்தில் உணர்வு குன்றிய நீரிழிவு நோயாளர் வெறுங்காலுடன் மணலில் ஓடக்கூடாது.

இதனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2005-06இல் நடந்த தேசிய ஆய்வு, இலங்கையில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதைக் காட்டியது. படகுகளில் இயந்திரம் வந்தது. பின்னர் பல கரைகளில் உழவு இயந்திரத்தில் பொருத்திய உருளை கரைவலைக் கயிற்றை இழுக்கலாயிற்று. அதனால் வேலையிழப்போம் என்ற அச்சமும் சச்சரவும் எழுந்தன. முதுகொடியும் அந்த உழைப்பு குறைந்ததற்காக எவரும் வருந்த வேண்டியதில்லை. ஆனால் உழைப்போடு சேர்ந்தே உடல் பெற்றுவந்த பலனை இனி நாமாகத் தேடிக்கொள்ள வேண்டும். தந்தை கூலிக்கு இழுத்த கயிற்றை மகன் உடல்நலத்துக்காக இழுப்பதில் இழிவேதும் இல்லை. துணி உலர்த்தும் கொடியாக மாறிவிட்ட பொறி வீட்டு மூலையில் நிற்பதைவிட, வாரத்தில் மூன்று நாள் கைக்கு வரும் ஒரு முழக் கனமான கயிறு மேலானது.