ஸ்காபரோ பிளஃப்ஸ்: ஓர் உலாவிடத்தின் வரலாறு

ஸ்காபரோ பிளஃப்ஸ் என்பது கனடாவின் ரொறன்ரோ நகரின் கிழக்குப் பகுதியில், ஒன்ராறியோ ஏரியின் வடகரையில் சுமார் 15 கிலோமீற்றர் நீளத்துக்கு எழுந்து நிற்கும் செங்குத்துக் கரை. மிக உயர்ந்த இடத்தில் அது நீர்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 90 மீற்றர். தூரத்தில் வெண்பாறைபோலத் தெரிந்தாலும் இது பாறை அன்று. களிமண்ணும் வண்டலும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்த மண்மேடு. மலையே இல்லாத ரொறன்ரோவில் உயரமும் நீரும் சேர்ந்து கிடைக்கும் இடம் இதுவென்பதால் நடைபயணிகள், தூண்டில் போடுவோர், கயாக் ஓட்டுவோர், பறவை பார்ப்போர், மணமக்களைப் படம் பிடிப்போர் என்று பலரையும் இது ஈர்த்துவருகிறது. அந்த ஈர்ப்பின் வரலாறே இங்கு முதன்மையாகத் தரப்படுகிறது.

மேட்டின் அடியிலுள்ள அடுக்குகள், பேராறொன்று பழைய ஏரியொன்றில் கலந்த கழிமுகத்தில் படிந்தவை. அவற்றின் மேலுள்ளவை பெரும்பாலும் கடைசிப் பனியூழியில் பனியாறுகள் இழுத்துவந்த மண். 1870களின் இறுதியில் ஜோர்ஜ் ஹைன்ட் இவ்வடுக்குகளை ஆராய்ந்து எழுதினார். இங்கே கிடைத்த வண்டுகளின் புதைபடிவங்களைச் சாமுவேல் ஸ்கடர் விவரித்தார். பின்னர் ஆதர் கோல்மன் நெடுங்காலம் இதே மண்ணில் உழைத்தார். அடுக்குகளின் வயது பற்றிய மதிப்பீடுகள் பலமுறை திருத்தப்பட்டுள்ளன. ஒரே எண்ணை முடிந்த முடிவாகச் சொல்வது பொருந்தாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் உதிர்ந்த ஒரு வண்டின் சிறகுறை களிமண்ணுக்குள் சிதையாமல் இருந்தது என்பதை மட்டும் ஐயமின்றிச் சொல்லலாம்.

அலை அடியை அரிக்க, மேலே உள்ள மண் சரிகிறது. சரிந்த மணலை ஏரியின் நீரோட்டம் மேற்கே இழுத்துச் சென்று நீண்ட மணல்நாக்கு ஒன்றை உருவாக்கியது. 1858இல் வீசிய புயல் அந்த மணல்நாக்கை நிலத்திலிருந்து அறுத்துவிட்டது. இன்றைய ரொறன்ரோ தீவுகள் அவ்வாறு உண்டானவையே. ஆகவே கோடையில் படகேறித் தீவுகளுக்குப் போகிறவர்கள் பெருமளவுக்கு ஸ்காபரோவிலிருந்து கரைந்துபோன மண்ணின்மேல்தான் பாய் விரிக்கிறார்கள்.

ஐரோப்பியர் வருகைக்கு முன் ஹியூரன் மக்களும் பின்னர் மிசிசாகா மக்களும் இப்பகுதியில் வாழ்ந்தனர். 1780களின் நில உடன்படிக்கைகளில் எல்லைகள் தெளிவாக எழுதப்படாமையால் எழுந்த பிணக்கு 1923ஆம் ஆண்டின் வில்லியம்ஸ் உடன்படிக்கைகளையும் கடந்து, 2018இல் ஏற்பட்ட இணக்கம்வரை நீண்டது.

பெயர் எலிசபெத் சிம்கோ தந்தது. மேல் கனடாவின் துணை ஆளுநர் ஜோன் கிரேவ்ஸ் சிம்கோவின் மனைவியான இவர், 1793 ஆகஸ்டில் படகில் கிழக்கே சென்றபோது இக்கரையைக் கண்டார். இங்கிலாந்தின் யோர்க்‌ஷயரில் உள்ள ஸ்காபரோவின் கடற்குன்றுகள் அவர் நினைவுக்கு வந்தன. இங்கே ஒரு கோடை இல்லம் கட்டி அதற்கு அப்பெயரையே வைக்கலாம் என்று கணவரோடு பேசிக்கொண்டதை நாட்குறிப்பில் எழுதிவைத்தார். இல்லம் எழவில்லை; ஆனால் அதுவரை கிளாஸ்கோ என்று குறிக்கப்பட்டிருந்த நிலப்பிரிவு ஸ்காபரோ ஆயிற்று. இவ்விடத்தைப் பற்றி எழுத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளுள் ஒன்றே பொழுதுபோக்குக்காக வந்தவர் ஒருவரின் ஆசையைச் சொல்வது குறிப்பிடத்தக்கது.

குடியேறிகளுக்கு மேடு அழகாகத் தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு. 1796இல் வந்த டேவிட், மேரி தொம்சன் குடும்பத்தினரும் அவர்களைப் பின்தொடர்ந்தோரும் உள்நாட்டில் காடழித்துப் பயிரிட்டனர். ஏரிக்கு இறங்க வழி தந்தவை ஓடைகள் அறுத்த பள்ளத்தாக்குகள் மட்டுமே. அவற்றுள் கேற்ஸ் பள்ளம் பேர்போனது. பள்ளத்தின் தலைப்பில் கிங்ஸ்ரன் வீதியோரம் இருந்த கேற்ஸ் சத்திரத்தில் 1837 கிளர்ச்சியின்போது ஊர்ப்படையினர் கூடினர் என்று உள்ளூர் வரலாறுகள் கூறுகின்றன. அமெரிக்கக் கரையிலிருந்து கள்ளச் சரக்கு இப்பள்ளம் வழியே ஏறியது என்பதும், புதையல் ஒன்று இன்னும் அங்கே கிடக்கிறது என்பதும் வாய்மொழிக் கதைகள். முன்னதை நம்ப இடமுண்டு, பின்னதற்குச் சான்றில்லை.

1893இல் தொடங்கிய மின்சார டிராம் சேவை கிங்ஸ்ரன் வீதி வழியே படிப்படியாகக் கிழக்கே நீண்டு 1906இல் வெஸ்ற் ஹில்லை எட்டியது. நகரத்தார் ஞாயிற்றுக்கிழமைகளில் மேட்டின் விளிம்புக்கு வரத் தலைப்பட்டனர். கோடைக் குடில்களும் எழுந்தன. 1915இல் அலெக்சாண்ட்ரியா என்ற நீராவிக் கப்பல் புயலில் சிக்கிக் கேற்ஸ் பள்ளத்தருகே தரைதட்டி உடைந்தது. கப்பலில் இருந்தோர் உயிர் தப்பினர். அதன் சரக்கிலிருந்து கரையொதுங்கிய தக்காளித் தகரங்களை ஊரார் அள்ளிச்சென்றனர் என்று சொல்லப்படுகிறது. கப்பலின் எஞ்சிய பாகம் நீர் தெளிந்திருக்கும் நாட்களில் இன்றும் கரையோரம் தென்படும்.

1932க்குப் பின்னான அரைநூற்றாண்டுக்கே சான்றுகள் நிறைய உள்ளன. காரணம், மேட்டின் விளிம்பில் தங்கிவிட்ட சிலர் எழுதியும் சேர்த்தும் வைத்தவர்களாக இருந்தமை. கேணல் ஹரோல்ட் பிக்ஃபோர்ட் 1914இல் கட்டிய மாளிகை கத்தோலிக்க மதப் பணியாளர் கைக்கும் பின்னர் வேறொருவர் கைக்கும் மாறி, 1932இல் றோசா ஹ்யூவெற்சனிடம் வந்தது. அதே ஆண்டில் அவர் ஸ்பென்சர் கிளார்க்கை மணந்தார். நியூயோர்க் மாநிலத்தின் றொய்க்றொஃப்ற் கைவினைஞர் குடியிருப்பைக் கண்டு கவரப்பட்ட இருவரும், பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில் இருந்த நாட்களில் இங்கே கலைகள் அனைத்துக்குமான கில்டைத் தொடங்கினர். நெசவு, பற்றிக், மட்பாண்டம், மரவேலை, உலோக வேலை எனப் பட்டறைகள் எழுந்தன. பார்க்க வந்தவர்கள் சாப்பிடவும் தங்கவும் இடம் கேட்டதால் வீடு விடுதியாயிற்று. சுற்றிலும் நிலம் வாங்கி ஏறத்தாழ 500 ஏக்கர்வரை அவர்கள் விரித்தனர். இரண்டாம் உலகப் போரில் அரசு அதை எடுத்து முதலில் கடற்படைப் பெண்களின் பயிற்சிக்கும், பின்னர் உளம் பாதிக்கப்பட்ட படைவீரரின் மருத்துவமனைக்கும் பயன்படுத்தியது. 1947இல் திரும்பக் கிடைத்தது. 1950களில் பெரும்பகுதி நிலம் கில்ட்வூட் குடியிருப்பாக மாறியது.

கிளார்க் தம்பதியரின் பெரும்பணி அதன் பின்னரே வந்தது. ரொறன்ரோ தன் பழைய கட்டடங்களை இரக்கமின்றி இடித்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், இடிபாட்டுக்கிடையே போய்த் தூண்களையும் வளைவுகளையும் சிற்பம் செதுக்கிய கற்களையும் விலைக்கோ கேட்டோ வாங்கிவந்து ஏரிக்கரைத் தோட்டத்தில் நிறுத்தினார்கள். 60க்கும் மேற்பட்ட கட்டடங்களின் துண்டுகள் இங்கே உள்ளன. 1913இல் எழுந்து 1966இல் இடிக்கப்பட்ட பாங்க் ஒஃப் ரொறன்ரோவின் பளிங்குத் தூண்கள் 1982இல் கட்டடக் கலைஞர் றொன் தொமின் வரைவில் திறந்தவெளி அரங்காக எழுந்தன. கோடை மாலைகளில் அங்கே நாடகம் நடக்கும். மற்ற நாட்களில் பிள்ளைகள் பளிங்குப் படிகளில் ஏறி இறங்குவார்கள். ஒரு நகரம் தூக்கி எறிந்ததை இருவர் இப்படிக் காத்து வைத்தது கனடாவில் அரிது. அதே தோட்டத்திலுள்ள ஓஸ்ரர்ஹவுற் மரக்குடிலை 1795இல் நில அளவையாளர் அகஸ்ரஸ் ஜோன்ஸ் குழுவினர் கட்டினர் என்பது நெடுநாள் மரபு. கட்டுமானத்தை ஆராய்ந்தோர் அது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது என்று கருதுகின்றனர்.

ஓவியர் டொரிஸ் மக்கார்த்தி (1910–2010) ஆதர் லிஸ்மரிடம் பயின்றவர். பாடசாலையில் ஓவிய ஆசிரியையாக இருந்த அவர் 1939இல் கேற்ஸ் பள்ளத்தின் மேலே 12 ஏக்கர் நிலத்தை 1,250 டொலருக்கு வாங்கினார். தனித்து வாழும் பெண் ஒருத்தி தன் கையிருப்புக்கு மீறிய விலைக்கு, சரிந்துகொண்டிருக்கும் விளிம்பில் நிலம் வாங்கியதைப் பார்த்த தாயார் அதை முட்டாளின் சொர்க்கம் என்றார். மகள் அதையே வீட்டுக்குப் பெயராக வைத்தார். வீட்டின் முதற் கட்டத்தைப் பெரும்பாலும் தம் கையாலேயே கட்டினார். மண் சரிவதைத் தடுக்க ஆண்டுக்கணக்காகப் போராடினார். எழுபதைத் தாண்டிய வயதில் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் பயின்று 1989இல் பட்டமும் பெற்றார். 1998இல் வீட்டை ஒன்ராறியோ மரபுரிமை அமைப்புக்குக் கொடுத்தார். இப்போது கலைஞர்கள் அங்கே தங்கிப் பணியாற்றுகின்றனர். பள்ளத்தின் வழியே ஏரிக்கு இறங்கும் நடைபாதை அவர் பெயரைத் தாங்குகிறது. அதன் அடியில் படகின் விலாவையும் மீனின் முள்ளையும் ஒருங்கே நினைவூட்டும் மார்லீன் ஹில்ரன் மூரின் உருக்குச் சிற்பம் நிற்கிறது.

1970களில் நகரக் கட்டுமானங்களில் தோண்டிய மண்ணை ஏரியில் கொட்டி பிளஃபர்ஸ் பூங்கா உருவாக்கப்பட்டது. பிரிம்லி வீதியின் செங்குத்தான இறக்கம் முடியும் இடத்தில் படகுத்துறை, புல்வெளி, மணற்கரை எல்லாம் அமைந்தன. இதன்பின் மேட்டை மேலிருந்து பார்த்தவர்கள் கீழிருந்து அண்ணாந்து பார்க்கவும் முடிந்தது. ஆனால் அடியில் கல் அடுக்கிய இடங்களில் அலை எட்டாமல் போக, சரிவு தணிந்து புல்லும் புதரும் ஏறி வெண்முகம் மறைகிறது. செங்குத்து மணலில் வளை தோண்டிக் கூடு கட்டும் தகைவிலான் குருவிகளுக்குப் புதிதாய் அரிபட்ட முகமே வேண்டும். தீவுகளுக்கும் மணல் வரத்துக் குறைகிறது. விளிம்பில் வீடுள்ளோர் அரிப்பைத் தடுக்க வேண்டும் என்பர். இயற்கை ஆர்வலர் சில பகுதிகளையாவது விட்டுவிட வேண்டும் என்பர். இவ்விவாதம் தீரவில்லை.

மேட்டின் மேற்குப் பக்கத்தில், 1959இல் மனைவியின் நினைவாகக் கணவர் நகருக்களித்த றோசெற்ரா மக்ளெயின் பூங்கா உண்டு. வலசை போகும் பருந்துகளும் வல்லூறுகளும் அகன்ற நீரைக் கடக்க விரும்பாமல் கரையைத் தொட்டே பறப்பதால் இலையுதிர் காலத்தில் இங்கே நின்று அவற்றை எண்ணலாம். செப்ரெம்பர் வடகாற்று நாளில் பார்க்க வேண்டிய காட்சி அது.

1980களிலிருந்து ஸ்காபரோவில் பெருமளவில் குடியேறிய ஈழத்தமிழருக்கு பிளஃப்ஸ் வழக்கமான உலாவிடமாயிற்று. புதிதாக வந்த உறவினருக்கு முதலில் காட்டும் இடங்களுள் இதுவும் ஒன்று. கில்டின் வளைவுகளின் கீழே பட்டுச்சேலையும் வேட்டியுமாக எடுத்த திருமணப் படங்கள் ஏராளம். அந்தப் படங்கள் குடும்ப அல்பங்களில் உள்ளன, நூலகங்களில் அல்ல. ஆதலால் இப்பகுதி இங்கே சுருக்கமாகவே அமைகிறது.

2001இல் மூடப்பட்ட கில்ட் விடுதி புதுப்பிக்கப்பட்டு 2017இல் விழா மண்டபமாகத் திறந்தது. 2020 ஆகஸ்டில் நிகழ்ந்த பெரிய சரிவொன்றை ஏரியில் படகில் இருந்தோர் படம் பிடித்தனர். மேட்டின் முகத்தில் ஏறுவது தடை செய்யப்பட்டுள்ளது. மீறி ஏறிச் சிக்குவோரைத் தீயணைப்புப் படையினர் கயிறு கட்டி மீட்பது தொடர்கிறது. மேற்குப் பகுதியின் கரையோரப் பாதை குறித்த ஆய்வை ரொறன்ரோ பிரதேசப் பாதுகாப்பு அதிகாரசபை மேற்கொண்டுள்ளது.