நீதிமன்ற ஆவணத்தைச் செயற்கை நுண்ணறிவு எழுதினால் பொறுப்பு யாருக்கு?

சம்பள நிலுவை, வீட்டு வாடகை முன்பணம், சரியில்லாத பொருளை விற்ற கடை என எந்த வழக்கானாலும், மனு எழுதச் சாட்ஜிபிடி போன்ற கருவிகளை நாடுவோர் பெருகிவருகின்றனர். வழக்கறிஞர்களும் அவற்றைப் பயன்படுத்துகின்றனர். சிங்கப்பூர் நீதிமன்றங்கள் இதற்குத் தடை விதிக்கவில்லை. ஆனால், சில நிபந்தனைகள் உண்டு.

விதி என்ன?

ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவது குறித்து நீதிமன்றங்கள் வெளியிட்ட வழிகாட்டி 2024 அக்டோபர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. உச்ச நீதிமன்றம், அரசு நீதிமன்றங்கள், குடும்பநல நீதிமன்றங்கள் மூன்றுக்கும் இது பொருந்தும். வழக்கறிஞர்கள் மட்டுமன்றி, தாமே வாதாடும் பொதுமக்களும் இதைப் பின்பற்றவேண்டும்.

கருவியின் உதவியுடன் ஆவணம் தயாரித்ததை முன்கூட்டியே அறிவிக்கத் தேவையில்லை. நீதிமன்றம் கேட்டால் சொல்லவேண்டும். ஆவணத்தில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் அதைத் தாக்கல் செய்தவரே பொறுப்பு. பிரமாண வாக்குமூலத்தின் முதல் வரைவை எழுத உதவி பெறலாம். ஆனால் சாட்சியத்தை உருவாக்கவோ, வலுவாக்கவோ, மாற்றவோ கருவியைப் பயன்படுத்தக்கூடாது.

இல்லாத தீர்ப்புகள்

நியூயார்க்கில் ஏவியான்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாகத் தந்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 2023 ஜூன் மாதம் 5,000 அமெரிக்க டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. சிங்கப்பூரிலும் 2025இல், இல்லாத வழக்கொன்றை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர், எதிர்த்தரப்புக்குத் தம் சொந்தப் பணத்திலிருந்து 800 வெள்ளி கொடுக்க உயர் நீதிமன்றத்தில் உத்தரவிடப்பட்டது.

இத்தகைய கருவி, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்தே எழுதுகிறது. அதனால் வழக்கின் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் அசல் போலவே இருக்கும், தீர்ப்புதான் இருக்காது. ‘இது உண்மையா’ என்று அதே கருவியிடம் கேட்டால், ‘ஆம்’ என்றே அது பதில் சொல்லக்கூடும்.

லிட்டில் இந்தியா ஊழியருக்கு இதில் என்ன?

சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்திலும், சம்பளக் கோரிக்கைகளை விசாரிக்கும் நடுவர் மன்றத்திலும் வழக்கறிஞர்கள் வாதாட முடியாது. இரண்டிலும் பொதுவான வரம்பு 20,000 வெள்ளி. ஆவணத்தைத் திருத்தித் தர வழக்கறிஞர் இல்லாததால், கருவி செய்யும் பிழை நேராக ஊழியரின் தலையில் விழும்.

தமிழில் பேசுவோருக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. வாட்ஸ்அப்பில் “பாதி பணம் குடுத்தாச்சு” என்று எழுதுகிறோம். யார், யாருக்குக் கொடுத்தார் என்று அதில் இல்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது கருவி ‘நான்’ என்றோ ‘அவர்’ என்றோ ஊகித்துச் சேர்த்துவிடும். சம்பள வழக்கே அந்த ஒரு சொல்லில் திசைமாறலாம். ஆங்கிலம் புரியாமல் கையெழுத்திட்டால் பிழை இருப்பதே தெரியாது.

தாக்கல் செய்யுமுன்

• தமிழ், ஆங்கிலம் இரண்டும் அறிந்த ஒருவரிடம் ஆவணத்தை வரிவரியாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தேதி, தொகை, யார் யாருக்குக் கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள்.

• சட்டப் பிரிவுகளைச் ‘சிங்கப்பூர் ஸ்டாட்யூட்ஸ் ஆன்லைன்’ தளத்திலும், தீர்ப்புகளை நீதிமன்றங்களின் இணையத்தளத்திலும் தேடிப் பாருங்கள். இரண்டும் இலவசம். அங்கு கிடைக்காத தீர்ப்பை ஆவணத்தில் சேர்க்கவேண்டாம்.

• வேலை அனுமதிச்சீட்டு எண், மருத்துவ அறிக்கை, வங்கிக் கணக்கு விவரங்களைப் பொதுக் கருவிகளில் பதிவேற்றாதீர்கள்.

• சம்பளச் சீட்டு, வேலை நேரக் குறிப்பு, குறுஞ்செய்தி ஆகியவற்றை அசல் வடிவிலேயே வைத்திருங்கள். தமிழ்ச் செய்தியின் மொழிபெயர்ப்போடு அசலையும் காட்டுங்கள்.

சம்பளக் கோரிக்கையை முதலில் முத்தரப்புச் சமரசப் பேச்சுக்குப் பதியவேண்டும். வேலையை விட்டவர் கடைசி வேலை நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள்ளும், வேலையில் இருப்பவர் ஓராண்டுக்குள்ளும் பதிவுசெய்யவேண்டும். கருவியிடம் கேட்டுக் கேட்டு நாளைக் கடத்தினால் உரிமையே போய்விடும். சந்தேகம் இருந்தால் ‘புரோ போனோ எஸ்ஜி’ நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனையை நாடலாம்.