கோப்பிக் கிண்ணத்தின் விலை

கண்டி மலைநாட்டிற்குச் செல்வோர் தேயிலையின் பசுமையைக் கண்டு மகிழ்கின்றனர். தேயிலைக்கு முன் அம்மலைகளை ஆண்டது கோப்பி என்பதையும், கோப்பிக்கு முன் அங்கு நின்றது பெருங்காடு என்பதையும் நினைப்பவர் சிலரே.

1835ஆம் ஆண்டில் பிரித்தானியா, இலங்கைக் கோப்பியின் இறக்குமதித் தீர்வையை மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பிக்குரிய தீர்வையோடு சமமாக்கிற்று. அடிமை முறை ஒழிந்தமையால் அத்தீவுகளின் விளைச்சல் குறைந்துவந்த காலம் அது. இலண்டன் சந்தையிலோ கோப்பிக்கு நல்ல விலை இருந்தது. எனவே முதலாளிகளின் பார்வை நம் மலைகள்மீது விழுந்தது.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைச் சான்று காட்ட இயலாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய நிலமெனக் கொண்டது. கிராமத்தார் தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்தும் மாடு மேய்த்தும் வந்த நிலம், ஏக்கர் 5 சிலிங்கு வீதம் விலைபோயிற்று. வாங்கியோருள் ஆளுநரும் அரச உத்தியோகத்தரும் இருந்தனர். காணியைக் காக்கவேண்டியவரே காணி கொண்டவருமாயினர்.

காடு வெட்டுண்டு தீக்கிரையாயிற்று. அங்கு வாழ்ந்த யானை, பயிருக்குப் பகையெனக் கருதப்பட்டது. அதனைக் கொன்றவர்க்கு அரசினர் பரிசளித்த காலமும் உண்டு. ஊவாவிற் பணியாற்றிய மேஜர் றொஜேர்ஸ் என்பார் தனி ஒருவராக 1,400 யானைகளுக்கு மேற் சுட்டார் எனச் சொல்லப்படுகின்றது. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் மாண்டார்.

வெட்டிய காட்டில் வேலை செய்யத் தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே மாத்தளை வரை கால்நடையாக நடந்தனர். நீர் அரிது, நிழல் தங்கிடம் அதனினும் அரிது. வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவர்களை வழியிலேயே வீழ்த்தின. கோப்பியை அந்தர் கணக்கில் நிறுத்து எழுதியவர்கள், வீழ்ந்த மனிதரை ஒழுங்காக எண்ணி எழுதவில்லை. ஆதலின் அத்தொகைபற்றி வரலாற்றாசிரியர் இன்றும் வாதிடுகின்றனர்.

1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றின. அது ஒருவகைப் பூஞ்சண நோய். விளைவு குறைந்தபோதும் விலை உயர்ந்து நின்றமையால், தோட்டத் துரைமார் மேலும் மேலும் நிலத்தைத் திருத்தினர். 1878 அளவில் கோப்பி ஏறக்குறைய 275,000 ஏக்கரிற் பரந்திருந்தது. 1880இல் ஆராய வந்த மார்சல் வார்ட் என்னும் அறிஞர் காரணத்தைத் தெளிவாக்கினார். இடையிற் காடின்றி மலைக்கு மலை ஒரே பயிர் நின்றமையால், நோய் வித்தைக் காற்று தடையின்றிக் கொண்டுசென்றது. வெட்டிய மரங்களே காவலாக இருந்தவை என்பது அப்பொழுதுதான் புலனாயிற்று.

காலம் கடந்துவிட்டது. தோட்டங்கள் அழிந்தன, 1884இல் ஓரியன்றல் வங்கியும் வீழ்ந்தது. துரைமார் பலர் கப்பலேறினர். தொழிலாளர் பலர் பெறவேண்டிய கூலியையும் பெறாது நின்றனர்.

நேயர்களே, கடையில் நாம் கொடுக்கும் காசு ஒரு பொருளின் முழு விலையன்று. எஞ்சிய விலையைக் கண்காணாத இடத்தில் காடும் விலங்கும் ஏழையும் செலுத்தியிருக்கலாம். அதனைக் கேட்டறிவதும் வாங்குவோன் கடமையே.