சவரி என்றால் என்ன பொருள்?



குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கத் தேதி குறித்தவுடன் சங்கரன்கோவில் வட்டாரத்தில் பல வீடுகளில் ஒரு பேச்சு எழுவதைக் கேட்டிருப்போம். "உங்க மாமா பேரு விட்டுப் போயிரக் கூடாது" என்பார் பாட்டி. மாமா பெயர் சவரிமுத்து. "அது பழைய பேரு அத்தை. பள்ளிக்கூடத்துல பிள்ளைகள் கேலி பண்ணும்" என்று மருமகள் தயங்குவார். முடிவில் குழந்தைக்கு இரண்டெழுத்தில் புதுப்பெயர் ஒன்று அமையும். தாத்தாவின் பெயர் கல்லறைக் கல்லோடு நின்றுவிடும்.

மருமகளின் தயக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. தலைமுடியோடு சேர்த்துப் பின்னும் முடிக்கற்றையை நம் ஊரில் சவுரி என்கிறோம். பிள்ளைகளின் கேலிக்கு அது போதும். குதிரைச் சவாரியோடு இணைத்துச் சிரிப்பவர்களும் உண்டு. இராமாயணத்துச் சபரியின் பெயர்தான் இது என்று எண்ணிக்கொள்பவர்களும் உண்டு. பெயரைச் சுமக்கிறவருக்கே அதன் பொருள் தெரியாதபோது, கேலி செய்பவருக்கு என்ன பதில் சொல்ல முடியும்? எனவே இந்தப் பெயர் எங்கே பிறந்தது, அதன் பொருள் என்ன, எப்படி நம் வீடுவரை வந்தது என்று இன்று சிந்திப்போம்.

ஒரு வீட்டின் பெயர்

சவரி என்பது புனித பிரான்சிஸ் சவேரியாரின் பெயரிலிருந்து வந்தது. இது நமக்குத் தெரியும். ஆனால் சவேரியார் என்பது அவருடைய திருமுழுக்குப் பெயர் அன்று. அவருக்குத் திருமுழுக்கில் வைத்த பெயர் பிரான்சிஸ். சவேரியார் என்பது அவர் பிறந்த வீட்டின் பெயர்.

இன்றைய ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் உள்ள நவார் அன்று தனி அரசாக இருந்தது. அங்கே உள்ள ஹவியேர் கோட்டையில் 1506 ஏப்ரல் 7 அன்று அவர் பிறந்தார். தந்தை ஹுவான் தெ ஹாசோ சட்டம் படித்தவர், நவார் அரசவையில் உயர்ந்த பொறுப்பு வகித்தவர். தாய் மரியா தெ அஸ்பில்குவெத்தா. கோட்டை தாய்வழிச் சொத்து. அதனால் சவேரியார் என்ற பெயரும் தாய்வழியாகவே அவருக்கு வந்தது.

அந்தப் பகுதியின் பழைய மொழி பாஸ்க். அதில் 'எச்சே' என்றால் வீடு. 'பெர்ரி' என்றால் புதிய. இரண்டும் சேர்ந்த 'எச்சேபெர்ரி' என்ற சொல் காலப்போக்கில் முன்னெழுத்தை இழந்து, தேய்ந்து, 'ஷவியேர்' என்று ஆயிற்று. ஆக, சவேரியார் என்ற பெயரின் நேர்ப்பொருள் புதுவீடு. சவரியம்மாள் என்றால் புதுவீட்டு அம்மாள். சவரியப்பன் என்றால் புதுவீட்டு அப்பன்.

பாஸ்க் மக்களிடையே ஒருவரை அவருடைய வீட்டைக்கொண்டு அறிவது வழக்கம். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் வெவ்வேறு குடும்பப் பெயர் கொண்டிருப்பதும் அங்கே உண்டு. சவேரியாரின் அண்ணன் ஒருவர் அஸ்பில்குவெத்தா என்ற பெயரையே வைத்துக்கொண்டார்.

இது நமக்குப் புரியாத வழக்கம் அன்று. மேல வீட்டுக்காரர், புது வீட்டுக்காரர் என்று நம் கிராமங்களிலும் அடையாளம் சொல்கிறோம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் புத்தன்வீட்டில், புத்தன்புரயில் என்ற குடும்பப் பெயர்கள் நிறைய உண்டு. அவற்றுக்கும் பொருள் புதுவீடுதான். குமரி மாவட்ட வாழ்க்கையைச் சொல்லும் ஹெப்சிபா ஜேசுதாசனின் 1964ஆம் ஆண்டு நாவலின் பெயரே 'புத்தம் வீடு'. ஜெர்மனியில் நொய்ஹவுஸ், இத்தாலியில் கசனோவா, பிரான்சில் மெசோன்நேவ் ஆகிய குடும்பப் பெயர்களும் இதே பொருளைத் தருகின்றன. மெக்சிகோ நாட்டில் 1970 முதல் 1976 வரை குடியரசுத் தலைவராக இருந்தவரின் குடும்பப் பெயர் எச்செவெர்ரியா. அதுவும் இதே பாஸ்க் சொல்லின் மற்றொரு வடிவம்.

தமிழுக்கு வந்த வழி

நம் முன்னோர் புனிதர்களின் பெயர்களை இரண்டு வழிகளில் தமிழாக்கினார்கள். ஒன்று, பொருளைப் பெயர்ப்பது. 'ஆண்டவர் அருள்கூர்ந்தார்' என்று பொருள்படும் யோவான் அருளப்பர் ஆனார். 'சிறியவர்' என்று பொருள்படும் பவுல் சின்னப்பர் ஆனார். 'கடவுள் உதவினார்' என்று பொருள்படும் லாசர் தேவசகாயம் ஆனது. 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட மறைச்சாட்சி தேவசகாயம் பெற்றது அந்தப் பெயரே.

மற்றொன்று, ஒலியை அப்படியே வாங்கிக்கொள்வது. அந்தோணியார், செபஸ்தியார், சூசையப்பர் என்பன அப்படி வந்தவை. சவேரியாரும் இந்த வகைதான். பொருளைப் பெயர்த்திருந்தால் நாம் இன்று அவரைப் 'புதுவீட்டார்' என்று அழைத்துக்கொண்டிருப்போம்.

ஒலியை வாங்கிக்கொண்டதிலும் ஒரு சிறப்பு உண்டு. சவேரியார் காலத்தில் அந்தப் பெயரின் முதல் ஒலி 'ஷ'. பின்னர் ஸ்பானிய மொழியில் அந்த ஒலி மாறி, இன்று அவர்கள் ஹவியேர் என்கிறார்கள். ஆங்கிலத்தில் சேவியர் என்றும் எக்சேவியர் என்றும் ஆயிற்று. ஜெர்மானியர் க்சாவர் என்கிறார்கள். போர்த்துக்கீசியர் பழைய ஒலியை விடாமல் ஷவியேர் என்றே சொல்கிறார்கள். முத்துக்குளித்துறைக்குப் பெயர் வந்தது அவர்கள் வழியாகத்தான். அதனால் படிக்காத நம் பாட்டி சொல்லும் 'சவேரியார்', இன்று ஸ்பெயின் நாட்டவர் சொல்லும் ஹவியேரைவிட அந்தப் புனிதர் தம் பெயரைச் சொன்ன விதத்துக்கு நெருக்கமானது. கொச்சை என்று நாம் வெட்கப்பட்டது உண்மையில் பழமையைக் காத்த உச்சரிப்பு.

எங்கெல்லாம் பரவியது?

சவேரியார் 1542 மே மாதம் கோவாவை அடைந்தார். அதே ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1544இல் திருவிதாங்கூர்க் கடற்கரையில் மக்களுக்குத் திருமுழுக்கு அளித்ததைப் பற்றி அவர் எழுதிய கடிதத்தில் ஒரு சிறு குறிப்பு உண்டு. திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவருக்கும் அவரவருடைய புதுப்பெயரைத் தாமே எழுதிக் கொடுத்தார் என்பதே அது. எழுதப் படிக்க வாய்ப்பில்லாத மக்களின் கையில் அவர்கள் பெயரை எழுத்தாகக் கொடுத்தவர் அவர். அன்று அவர் கொடுத்தவை மற்றப் புனிதர்களின் பெயர்கள். 1622 மார்ச் 12 அன்று அவரே புனிதராக உயர்த்தப்பட்டார். அதன்பின் அவருடைய பெயரே மக்களுக்குத் திருமுழுக்குப் பெயராயிற்று.

கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு இந்தப் பெயரைக் கொண்டுவந்ததில் மதுரை மறைப்பணித்தளத்தின் இயேசு சபையினருக்குப் பெரும்பங்கு உண்டு. நம் பகுதியில் காமநாயக்கன்பட்டி அவர்களின் பழைய மையங்களில் ஒன்று. நம் பாளையங்கோட்டை மறைமாவட்டம் 1973இல் உருவானபோது பேராலயமாக அமைந்ததும் சவேரியார் ஆலயமே. பாளையங்கோட்டையில் அவர் பெயரால் 1923இல் தொடங்கிய கல்லூரியில் நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் படித்திருக்கிறார்கள்.

தமிழில் இந்தப் பெயர் எத்தனை வடிவம் எடுத்திருக்கிறது என்று பாருங்கள். சவரிமுத்து, சவரியப்பன், சவரிராயன், சவரிநாதன், சவரியம்மாள், சவரியாயி, அருள்சவரி, சேவியர். ஊர்ப்பெயர்களில் சவேரியார்புரம், சவேரியார்பாளையம். 19ஆம் நூற்றாண்டில் புதுவையில் வாழ்ந்த புலவர் சவராயலு நாயகர் பெயரிலும் இருப்பது இதுதான். உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் 1964இல் உருவாக முன்னின்று உழைத்த சேவியர் தனிநாயகம் அடிகளார், நம் தென்கோடியில் வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றியவர். தமிழை உலகுக்குக் கொண்டுசென்ற அவரும் இந்தப் பெயரைத் தாங்கியவர்.

வெளிநாடுகளிலும் அப்படியே. பிரேசிலிலும் கோவாவிலும் இது குடும்பப் பெயராக வழங்குகிறது. ஜெர்மனியின் பவேரியப் பகுதியிலும் ஆஸ்திரியாவிலும் கத்தோலிக்கர் தம் பிள்ளைகளுக்கு ஃபிரான்ஸ் க்சாவர் என்று பெயரிட்டு வந்தார்கள். 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவின் ஓபர்ண்டோர்ஃப் ஆலயத்தில் முதன்முதலாகப் பாடப்பட்ட 'சைலண்ட் நைட்' பாடலுக்கு இசையமைத்த பள்ளி ஆசிரியரின் பெயர் ஃபிரான்ஸ் க்சாவர் குரூபர். கிறிஸ்து பிறப்பு இரவில் நாம் கேட்கும் அந்த இசையும் ஒரு சவரிமுத்து தந்ததே.

ஒரு குடும்பத்தின் பெயரைப் புனிதரின் நினைவாகத் திருமுழுக்குப் பெயராக்கும் வழக்கம் சவேரியாரோடு நிற்கவில்லை. பிரிட்டோ, போஸ்கோ, வியான்னி, கொரற்றி, பெல்லார்மின் என்று நம் பங்குகளில் அழைக்கப்படும் பெயர்கள் எல்லாம் ஐரோப்பாவில் குடும்பப் பெயர்களே. அவற்றுள் போஸ்கோ என்ற இத்தாலியச் சொல்லுக்குக் காடு என்று பொருள்.

வீட்டை விட்டவரின் பெயர்

இனி நம் உள்ளத்தைத் தொட வேண்டிய செய்திக்கு வருவோம். புதுவீடு என்று பெயர் பெற்ற அந்த வீடு நிலைக்கவில்லை. 1512இல் ஸ்பானியப் படை நவாரைக் கைப்பற்றியது. 1515இல் தந்தை இறந்தார். 1516இல் கர்தினால் சிஸ்னேரோசின் ஆணைப்படி கோட்டையின் கோபுரங்களும் மதில்களும் இடிக்கப்பட்டன. குடும்பம் தங்கும் பகுதி மட்டும் எஞ்சியது. அப்போது பிரான்சிசுக்கு வயது 10. தன் வீட்டை இடிப்பதைக் கண்முன் பார்த்த சிறுவன் அவர்.

1525இல் படிப்புக்காகப் பாரிஸ் சென்றார். இடிந்த வீட்டின் மதிப்பை மீண்டும் எழுப்பும் ஆசை அவருக்கும் இருந்தது. பெரிய பதவி பெற்றுத் திரும்ப நினைத்தவரை, அறைத்தோழராக வந்த இஞ்ஞாசியார் வேறு வழிக்கு அழைத்தார். அதன்பின் அவர் தம் வீட்டுக்கு வாழ வரவே இல்லை. மணப்பாட்டில் அவர் தங்கிச் செபித்த குகை என்று இன்றும் மக்கள் ஓரிடத்தை வணங்கி வருகிறார்கள். 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரைக்கு எதிரே சாஞ்சியான் தீவில் ஓர் எளிய குடிசையில் அவர் உயிர் பிரிந்தது.

பெயரில் புதுவீடு, வாழ்வில் வீடே இல்லை. ஆனால் அவர் இழந்த வீட்டின் பெயர் இன்று எத்தனையோ வீடுகளில் வாழ்கிறது. கற்கோட்டையைக் காப்பாற்றியிருந்தால் அவர் ஒரு குடும்பத்துக்கு உரியவராக இருந்திருப்பார். அதை விட்டுவிட்டு வந்ததால் நம் குடும்பத்து ஆள் ஆனார். மனிதக் கையால் கட்டப்படாத வீட்டைப் பற்றிப் பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தை இந்தப் பின்னணியில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

பெற்றோருக்குச் சில குறிப்புகள்

புனிதரின் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயர் வைக்காதபடி பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குத்தந்தையும் கவனிக்க வேண்டும் என்றே சட்ட எண் 855 சொல்கிறது. ஆகவே இது விருப்பத்துக்கு விடப்பட்ட காரியம். ஆனால் பொருள் தெரியாத காரணத்தால் ஒரு பெயரைக் கைவிட வேண்டாம்.

தாத்தாவின் பெயர் வேறு வகையிலும் தொடரலாம். கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் உண்டு. நம்மில் பலர் அதை வெறுமையாக விட்டுவிடுகிறோம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டோடு சுற்றுலா விசாவில் வருவோருக்குக் கட்டுப்பாடு அறிவித்தபோது பலர் திகைத்தார்கள். அந்தக் கட்டத்தில் சவரிமுத்து என்று எழுதலாம். அது 500 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு குடும்பப் பெயர்தானே!

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்தப் பெயரை ஆங்கிலத்தில் எஸ் எழுத்தில் தொடங்குபவரும் உண்டு, எக்ஸ் எழுத்தில் தொடங்குபவரும் உண்டு. திருமுழுக்குச் சான்று, பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, ஆதார் அட்டை எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். பின்னாளில் திருமணத்துக்கோ வேலைக்கோ அலைச்சல் மிஞ்சும்.

அடுத்த முறை பள்ளியில் யாராவது கேலி செய்தால் நம் பிள்ளை தலைநிமிர்ந்து சொல்லட்டும்: "என் பேருக்குப் புதுவீடு என்று அர்த்தம்." அப்படிச் சொல்ல, முதலில் வீட்டில் யாராவது அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இன்று இரவுச் செபம் முடிந்ததும், தாத்தாவின் பெயரைச் சொல்லி அதன் பொருளைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நம் இல்லத்தையும் உள்ளத்தையும் இறைவன் புதுவீடாக்கும்படி புனித சவேரியார் நமக்காக மன்றாடுவாராக.