சிவாஜிநகரும் சம்பங்கி ஏரியும்

ரஸ்ஸல் சந்தையின் நெரிசலிடையே நிற்கும் தமிழன்பரிடம், 'இஃது ஒரு காலத்தில் நெல் விளைந்த மண்' என்றால் அவர் நம்பமாட்டார். சிவாஜிநகருக்கு முன்னர் வழங்கிய பெயர் பிளாக்பள்ளி. வெள்ளரிசி விளையும் ஊர் என்று பொருள்படும் 'பிளி அக்கி பள்ளி' என்னும் கன்னடத் தொடரே இவ்வாறு திரிந்தது என்பது ஒரு கூற்று. கன்னடத்து வெண்மை ஆங்கிலச் செவியில் கருமையாயிற்று போலும்!

1809 ஆம் ஆண்டில் ஆங்கிலப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தினின்று பெங்களூருக்கு மாறியது. சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும், அவர்களுக்குப் பண்டம் விற்போரும், கொத்தர்களும் உடன் வந்தனர். மக்கள் 'தண்டு' என்றழைத்த அப்படைக் குடியிருப்பின் பெயர் இன்றும் சிவாஜிநகர்த் தண்டு மாரியம்மன் கோயிலில் நிலைத்திருக்கிறது. விளைநிலம் படிப்படியாகக் கடைவீதியாயிற்று.

இம்மாற்றத்தின் முழு வரலாற்றையும் காண விரும்புவோர் இங்கிருந்து சற்றுத் தென்மேற்கே செல்லவேண்டும். பழைய பேட்டைக்கும் தண்டுக்கும் நடுவே பரந்திருந்தது சம்பங்கி ஏரி. அதன் கரையில் காய்கறி பயிரிட்ட திகளர் குலத் தோட்டக்காரர்களுக்கு அது பாசனம். செங்கல் அறுப்போருக்கோ அதன் களிமண்ணே செல்வம். அருகே பங்களா கட்டி வாழ்ந்தோர் நீர் வடிந்தால் போதும் என்றனர். போலோ ஆடுவோர்க்கு வேண்டியது உலர்ந்த திடல். ஒரே நிலம், ஒவ்வொருவர் கண்ணுக்கு ஒவ்வொரு காட்சி! பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவர்களிடையே வழக்குகளும் விண்ணப்பங்களும் மலிந்தன.

1896 இல் ஹெசரகட்டா நீர் குழாய்வழி நகருக்கு வந்தது. குடிநீருக்கு ஏரியை நம்பவேண்டிய நிலை நீங்கியதும், அதற்குப் பரிந்து பேசுவோர் குறைந்தனர். கோப்புகளை மொழிபெயர்த்துக் காலங்கழிக்கும் எனக்கு இங்கே ஒரு சொல் உறுத்துகிறது. நீர் வற்றிய ஏரியை அலுவலக மொழி எளிதில் 'தரிசு' என்றுவிடும். உழவனுக்கோ அது மழையை எதிர்நோக்கும் ஏரியே. பெயர் மாறிய பின் நிலம் மாறுவதற்கு நெடுங்காலம் ஆவதில்லை.

1947 இல் தண்டுப் பகுதி மைசூர் அரசிடம் மீண்டது. 1949 இல் இரு நகரசபைகளும் ஒரே மாநகராட்சியாயின. ஏரியின் பெரும்பகுதி கண்டீரவ விளையாட்டரங்காயிற்று. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்திலோ பேருந்துகள் நிற்கின்றன. விளையாட்டரங்கும் பேருந்து நிலையமும் வேண்டாதவை என்று நான் சொல்லவில்லை. ஆயினும் அவற்றுக்கு ஏரியைத் தவிர வேறிடம் கிடைக்கவில்லையா என்று இளைஞர் கேட்பின் விடை கூறுதல் எளிதன்று.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. நகரின் தென்கிழக்கே கைகொண்டரஹள்ளி ஏரியை இந்நூற்றாண்டில் அக்கம்பக்கத்தார் முன்னின்று மீட்டனர். பறவைகள் திரும்பி வந்தன. சிவாஜிநகரை அடுத்த அல்சூர் ஏரி, எத்துணை மாசுற்றும், இன்னும் ஏரியாகவே இருக்கிறது.

சம்பங்கியில் எஞ்சியது அரங்கின் ஓரத்தில் ஒரு சிறு குளம். சைத்ர மாதப் பௌர்ணமியையொட்டி வரும் கரக விழாவில், அத்தோட்டக்காரர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அந்நீரை நாடிச் சென்று சடங்கு நிறைவேற்றுகின்றனர்.